குடோன் வேலையை ஏஜென்சிக்கு விடலாமா?

நம் பகுதி மொத்த வியாபாரிகள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், சரக்கு விலைக்கு அடுத்தபடியாகப் பேசிக்கொள்வது ஆள் பஞ்சத்தைப் பற்றித்தான். லாரி வந்து வாசலில் நிற்கிறது, இறக்க ஆள் இல்லை. இறக்கினால் அட்டி போட ஆள் இல்லை. சில்லறைக் கடைக்காரர் சிட்டை கொடுத்துவிட்டு வேனை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார், எடுத்துக் கொடுக்கக் கடையில் பையன் இல்லை. இந்த நிலைமையை நன்றாகத் தெரிந்துகொண்டு, சிலர் இப்போது பண்ருட்டி, திருவதிகை, கடலூர் என்று குடோன் குடோனாக ஏறி இறங்குகிறார்கள். "நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்? எத்தனை ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு உங்கள் குடோன் வாசலில் நிற்பார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவு, சண்டை எல்லாம் எங்கள் தலைவலி" என்று சொல்லி, பளபளப்பான விசிட்டிங் கார்டு ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த யோசனையை நம்மவர்கள் பலர் தீவிரமாக எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்கையும் சட்டத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதே நமது கருத்து. நாற்பது ஆண்டுகளாகத் திருவதிகையில் மூட்டை இறக்கியும் ஏற்றியும் வருகிற வகையில் நமக்குத் தெரிந்ததையும், மற்ற இடங்களில் நடந்திருப்பதையும் இங்கே எடுத்து வைக்கிறோம்.

முதலில், இதுவரை இந்த வேலை எப்படி நடந்து வந்தது என்பதை நினைத்துப் பார்ப்போம். லாரி ஷெட்டிலிருந்து தகவல் வந்ததும் மேஸ்திரிக்கு ஆள் அனுப்புவோம். அவர் எட்டுப் பத்துப் பேருடன் வருவார். இறக்கு கூலி, ஏற்று கூலி, அட்டிக் கூலி என்று மூட்டைக்கு இவ்வளவு எனப் பேசி வைத்த கணக்கு. மாலையில் மேஸ்திரி கையில் பணம் போகும். அவர் பிரித்துக் கொடுப்பார். வியாபாரிகளும் சுமை தூக்குவோர் சங்கத்தாரும் உட்கார்ந்து பேசிக் கூலியை உயர்த்திக்கொள்வார்கள். பேச்சு முறிந்து இரண்டு நாள் வேலை நின்றதும் உண்டு, மூன்றாம் நாள் டீக்கடையில் சமாதானமாகிப் போனதும் உண்டு. ஆயுத பூஜைக்குப் பொரி கடலை, தீபாவளிக்கு வேட்டியும் பணமும். இந்த முறையிலும் ஓட்டைகள் இருந்தன. மேஸ்திரி எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. மூட்டை சரிந்து ஒருவருக்கு முதுகு போனால் யார் பார்ப்பது என்று எழுதி வைத்ததும் இல்லை.

ஆனால் அந்த ஆட்களுக்குச் சரக்கு தெரியும். சர்க்கரை மூட்டையை வெறும் தரையில் அடுக்கக் கூடாது, கீழே மரச்சட்டம் வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் டீத்தூளையும் ரவையையும் வைக்கமாட்டார்கள். புளியை எதன்மேல் ஏற்றலாம், எதன்மேல் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். மாவு மூட்டையில் கொக்கி போடமாட்டார்கள். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால் என்ற வரிசையைக் கலைக்கமாட்டார்கள். அனுபவப்பட்ட ஒருவர், மூட்டையைத் தோளில் வாங்கும்போதே "முதலாளி, இது குறையுது, தராசில் போடுங்க" என்று சொல்லி, சொன்னபடியே ஒன்றரைக் கிலோ குறைந்திருந்ததை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். இந்த அறிவுக்கு நாம் தனியாகக் கூலி கொடுத்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அது போகும்போது அதன் மதிப்பும் நம் கணக்கில் ஏறுவதில்லை.

சரி, ஆட்கள் எங்கே போனார்கள்? பாதிப் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நெய்வேலி இங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம். 1956இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் ஏற்பட்டு, 1957 மே 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து, இந்தச் சுற்றுவட்டாரத்துக் கைவலு உள்ளவர்களை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. நிரந்தர வேலை கிடைத்தவர்கள் ஒரு பங்கு. ஒப்பந்தக்காரர்கள் மூலமும், இன்கோசர்வ் போன்ற கூட்டுறவுச் சங்கங்கள் மூலமும் உள்ளே போனவர்கள் ஆயிரக்கணக்கில். மூட்டை தூக்கியவரின் மகன் பள்ளி இறுதி படித்துவிட்டு, மூட்டை தூக்குவதை விட நிலக்கரிக் கழகத்தில் ஒப்பந்தக் கூலியாகவாவது இருக்கலாம், என்றாவது நிரந்தரமாகும் என்று எண்ணிப் போனான். அதில் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? மற்றவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். முந்திரிப் பருவம் வந்துவிட்டால் இருக்கிற ஆட்களும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பலாப் பருவத்தில் கேட்கவே வேண்டாம், பண்ருட்டி மண்டிகளில் லாரி ஏற்ற இரவு பகலாக ஆள் தேவைப்படும்.

நெய்வேலியைப் பற்றிச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ஒரே சுரங்கத்தில், ஒரே வேலையை, பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு பேர் செய்கிறார்கள். ஒருவருக்கு நிரந்தரச் சம்பளம், குடியிருப்பு, மருத்துவமனை. மற்றவருக்கு ஒப்பந்தக் கூலி. இந்த வித்தியாசம் எத்தனை நாளைக்கு ஓசையில்லாமல் இருக்கும்? 2010, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் வாரக்கணக்கில் நீடித்தன. 2023 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டு மறுபடியும் காலவரையற்ற வேலைநிறுத்தம். 2020 ஜூலை 1ஆம் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது உயிரிழந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர்.

அந்த வேலைநிறுத்த நாட்களை நம்மில் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒப்பந்தத் தொழிலாளி குடும்பங்கள் மாதக் கணக்கில்தான் அரிசி, பருப்பு வாங்குகின்றன. அங்கே கூலி நின்றால், பத்தாம் தேதிக்குள் கடன் நோட்டு நிரம்பிவிடும். சில்லறைக் கடைக்காரர் நமக்குத் தர வேண்டியது நிற்கும். நாம் மில்லுக்குத் தர வேண்டியது நிற்கும். ஒரு தொழிலாளியின் கூலி யார் கையால் போகிறது, ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பது அவர் வீட்டு விஷயம் மட்டுமல்ல, நம் பேரேட்டின் வரவுப் பக்கமும் அதுதான். சுமை தூக்குகிறவரும் மாலையில் ஏதோ ஒரு கடையில் வாடிக்கையாளர்.

குடோன் வேலையைக் கைமாற்றி விடுவதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் இந்திய உணவுக் கழகம். 1965 ஜனவரி 14ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. தலைமை அலுவலகமும் ஆரம்பத்தில் சென்னையில் இருந்தது. நெல்லும் கோதுமையும் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் இந்தக் கழகத்தின் கிடங்குகளில், ஒரே மூட்டையைச் சுமக்க மூன்று வகைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். கழகத்தின் சொந்தத் தொழிலாளர்கள் ஒரு வகை. நேரடிக் கூலி முறையில் உள்ளவர்கள் மற்றொரு வகை. ஒப்பந்தக்காரர் கொண்டுவருபவர்கள் மூன்றாம் வகை. சாந்தகுமார் தலைமையிலான உயர்நிலைக் குழு 2015 ஜனவரியில் அளித்த அறிக்கையில் இந்த மூவருக்கும் ஆகும் செலவைப் போட்டுக் காட்டியது. சொந்தத் தொழிலாளிக்கு மாதம் சுமார் 79,500 ரூபாய். நேரடிக் கூலிக்காரருக்கு 26,000 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சுமார் 10,000 ரூபாய். 2014 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 300க்கும் மேற்பட்டவர்கள் மாதம் 4 லட்சம் ரூபாய்க்கும் அதிகமாக வாங்கியிருந்ததையும் அந்தக் குழு எடுத்துச் சொன்னது.

மூட்டை சுமந்து 4 லட்சமா என்று கேட்கத் தோன்றும். ஊக்கத்தொகைக் கணக்கும், தன் பெயரில் வேறு ஆளை விட்டுச் சுமக்க வைக்கும் வழக்கமுமே காரணம் என்று குழு சொல்லிற்று. அதாவது, பெயர் ஒருவருடையது, முதுகு இன்னொருவருடையது. முதலாளிதான் வேலையைக் கைமாற்றி விடுவார் என்பதில்லை. தொழிலாளியே தன் வேலையை அடியில் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். 79,500 என்பதையும் 10,000 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒப்பந்தம் எவ்வளவு மலிவு!" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. நம் குடோனில் யாரும் 79,500 வாங்கவில்லை. நாம் கொடுப்பது ஏற்கெனவே சந்தைக் கூலி. அதற்கும் கீழே ஏஜென்சிக்காரர் எப்படிப் போக முடியும் என்பதல்லவா நாம் கேட்க வேண்டிய கேள்வி?

அந்தக் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒரு ஆளுக்கு நாள் கூலி 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சிக்காரர் சட்டப்படி நடப்பவரானால், பி.எஃப்.புக்கு முதலாளி பங்கும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13 சதவீதம், அது 71 ரூபாய் 50 காசு. இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 18 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், ஏறக்குறைய 46 ரூபாய். இதுவரை 685 ரூபாய் ஆகிவிட்டது. அவர் சும்மா வேலை செய்யமாட்டார். 5 சதவீதம் கமிஷன் வைத்தாலும் 34 ரூபாய். மொத்தம் 719. ஆள் சப்ளை பில்லுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 129 ரூபாய் சொச்சம். ஆக, ஆளுக்கு 849 ரூபாய்.

இதில் நம் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இரும்புக் கடைக்காரரோ மின்சாதன வியாபாரியோ அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். நாமோ? சில்லறையாக எடை போட்டு விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் வரி இல்லை. வரியில்லாத சரக்குக்கு உள்ளீட்டு வரியும் திரும்பக் கிடைக்காது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எந்தச் சரக்கானாலும் கிடைக்காது. எனவே அந்த 129 ரூபாயில் பெரும்பகுதி நம் கையிலிருந்தே போகும். (2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பைக்கட்டு அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும், மில்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்ததை நாம் அறிவோம். வரி போயிற்று, சுமப்பவர் தலையில் ஒரு கிலோ ஏறிற்று. அதற்குக் கூலி ஏறியதா என்பதை அவரவர் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.)

இப்போது, நம்மிடம் வந்து "ஆளுக்கு 650 ரூபாய், எல்லாம் சேர்த்து" என்று சொல்கிறவரைத் திரும்பிப் பாருங்கள். 849 ஆக வேண்டியது 650க்கு எப்படி முடியும்? சந்தை விலைக்குக் கீழே ஒருவர் மிளகு கொடுக்க வந்தால் நாம் என்ன நினைப்போம்? ஒன்று எடையில் குறையும், அல்லது பப்பாளி விதை கலந்திருக்கும். ஆள் விஷயத்திலும் அப்படித்தான். ஒன்று பி.எஃப். கட்டப்படுவதில்லை, அல்லது 550 என்று எழுதி 400 கொடுக்கப்படுகிறது, அல்லது இரண்டும் நடக்கிறது.

நடந்தால் நமக்கென்ன, அது அவர் பாடு என்று சிலர் கேட்கிறார்கள். இங்கேதான் சட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குப் பொருந்துவதாக இருந்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கிய முதன்மை முதலாளியே கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று அது சொன்னது. 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்தச் சட்டம் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. ஒப்பந்தத் தொழிலாளர் பகுதிக்கான எண்ணிக்கை 50 ஆக உயர்ந்தது. ஒரு நிறுவனத்தின் மையமான வேலைக்கு ஒப்பந்த ஆள் கூடாது என்று பொதுவாகச் சொன்ன அந்தச் சட்டம், ஏற்றி இறக்கும் வேலையை மையமான வேலை அல்லாதவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது.

இதைக் கேள்விப்பட்டதும், "நம்மிடம் ஏது 50 பேர்? நமக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. ஒப்பந்தக்காரரின் லைசென்சு போன்றவைதான் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தவை. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், வேலைக்கு அமர்த்தியவர் கூலி கொடுக்கத் தவறினால், எந்த நிறுவனத்தில் வேலை நடந்ததோ அதன் உரிமையாளரே பொறுப்பு என்று தலை எண்ணாமலே சொல்கிறது. விபத்து இழப்பீட்டிலும் இந்தக் கொள்கை புதிதல்ல. 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் நம் வேலையில் அடிபட்டால் நம்மிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரைத் தேடிப் பிடிப்பது நம் பாடு. ஆக, தலைவலியை ஏஜென்சிக்காரர் எடுத்துக்கொள்கிறார் என்பது அவருடைய விசிட்டிங் கார்டில் மட்டும்தான்.

நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம், பெயர்கள் வேண்டாம். ஒரு மண்டிக்காரர், ஒரு பருவத்துக்கு வெளியாரிடம் ஆள் எடுத்தார். மாதா மாதம் பில் வந்தது, அவரும் செக் கொடுத்தார். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏஜென்சிக்காரரின் போன் அணைந்துவிட்டது. பதினான்கு பேர், இரண்டு மாதக் கூலி பாக்கி என்று மண்டி வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். மண்டிக்காரர் தாம் கொடுத்த செக்கின் நகலைக் காட்டினார். அவர்களில் பெரியவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, நாங்க அந்த ஆள் முகத்தைப் பார்த்தது மூணு தடவை. தினம் பார்த்தது உங்களைத்தான்" என்றார். வாங்க வந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். மண்டிக்காரர் அன்று மாலையே இரண்டாம் முறையாக அந்தக் கூலியைக் கொடுத்தார். சட்டம் தெரிந்து கொடுத்தாரா, மானத்துக்குப் பயந்து கொடுத்தாரா என்று நாம் கேட்கவில்லை. ஆனால் கொடுத்தது சரி. ஏஜென்சிக்காரரிடமிருந்து அவருக்கு இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

பெரிய கம்பெனிகள் எல்லாம் இப்படித்தானே நடத்துகின்றன என்ற வாதமும் வைக்கப்படுகிறது. உண்மைதான். ஆன்லைன் வியாபாரக் கம்பெனிகளின் மாபெரும் கிடங்குகளில் பண்டிகைக் காலத்தில் ஆயிரக்கணக்கான ஏஜென்சி ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய முறை வேறு. ஒவ்வொரு பொட்டலத்திலும் கோடு போட்ட சீட்டு இருக்கிறது, கையிலுள்ள கருவி எந்த அடுக்கில் வை என்று சொல்லிவிடும், ஆளுக்குச் சரக்கு தெரிய வேண்டிய அவசியமில்லை. இன்று வந்தவர் நாளை போனாலும் வேலை நிற்காது. அந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. 2024இல் அரியானா மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், 24 அடி நீள லாரிகள் ஆறையும் இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ சிறுநீர் கழிக்கவோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி சொல்ல வைத்ததாகச் செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து விசாரித்தது. கம்பெனி அதைத் தனிப்பட்ட ஒரு சம்பவம் என்றது. எது எப்படியாயினும், கருவி சொல்லும் வேலைக்கு ஏற்ற முறையை, சாக்கைத் தொட்டுப் பார்த்துச் சரக்கு சொல்லும் நம் குடோனுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

ஏஜென்சியும் வேண்டாம், பழைய மேஸ்திரி முறையும் போதாது என்றால் வேறு வழி உண்டா? மகாராஷ்டிரத்தில் 1969 முதலே ஒரு வழி இருக்கிறது. நம் பண்ருட்டிப் பலா லாரி ஏறி பம்பாய் போனால் அங்கே இறக்குகிறவர்கள் மாத்தாடித் தொழிலாளர்கள். அவர்களுக்கென்று அந்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. வியாபாரி, கூலியையும் அதற்குமேல் ஒரு வரியையும் வாரியத்தில் கட்டிவிடுவார். வாரியம் கூலியைத் தொழிலாளிக்குக் கொடுக்கும். மேல்வரியிலிருந்து வைப்பு நிதி, பணிக்கொடை, போனஸ் ஆகியவற்றைக் கவனிக்கும். ஒரே தொழிலாளி காலையில் வெங்காயக் கடையிலும் மாலையில் மிளகாய்க் கடையிலும் வேலை செய்தாலும் கணக்கு ஓரிடத்தில் சேரும். இடையில் ஏஜென்சிக்காரர் இல்லை. மாத்தாடிப் பெயரைச் சொல்லி மிரட்டிப் பணம் கேட்பவர்கள் உண்டு என்று அங்குள்ள வணிகர்களும் குறைப்படுகிறார்கள், அதையும் மறைப்பதற்கில்லை. கேரளத்தில் 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அங்கே, வேலையே செய்யாமல் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்கும் 'நோக்குகூலி' வளர்ந்து, 2018 மே 1 முதல் அரசே அதை ஒழிப்பதாக அறிவிக்க வேண்டி வந்தது.

நம் மாநிலத்தில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி 1999இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. சுமை தூக்குவோர் அதில் பதிவு செய்துகொள்ளலாம். மகாராஷ்டிரத்தைப் போலக் கூலியை வாரியம் கொடுப்பதில்லை. பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. நம் குடோன்களில் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாம் கேட்டுப் பார்த்தபோது, பத்துப் பேரில் நான்கு பேர் பதிவு செய்யவில்லை; இரண்டு பேர் பதிவைப் புதுப்பிக்கவில்லை.

ஏஜென்சியே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பொங்கலுக்கு முந்திய இரண்டு வாரம், தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம், திடீரென்று நான்கு லாரி சர்க்கரை ஒன்றாக வந்து நிற்கும் நாள் என்று சில நேரங்களில் வெளியாள் இல்லாமல் முடியாது. அப்போது எடுக்கலாம். ஆனால் அட்டிக்குப் பொறுப்பானவர், சரக்குத் தெரிந்தவர், சாவி வைத்திருப்பவர், வெளியே போகும் மூட்டையை எண்ணிக் கையெழுத்துப் போடுபவர் ஆகியோர் நம் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஏஜென்சி ஆள் பத்துப் பேரை வைத்து நடத்த வேண்டுமானால், அவர்களுக்கு வழி காட்ட நம் ஆள் இரண்டு பேராவது வேண்டும்.

ஏஜென்சிக்காரரிடம் பேசும்போது ஆளுக்கு என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள். பில்லில் கூலி தனியாக, பி.எஃப். தனியாக, இ.எஸ்.ஐ. தனியாக, கமிஷன் தனியாக, வரி தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரை அன்றே அனுப்பிவிடலாம். போன மாதம் பி.எஃப். கட்டிய சலானில் உங்கள் குடோனுக்கு வந்த ஆட்களின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இந்த மாத பில்லுக்குப் பணம் கொடுங்கள். கூலி அவரவர் வங்கிக் கணக்கில் ஏறியதற்கான அத்தாட்சியைக் கேளுங்கள். முடிந்தால் ஒரு மாத பில் தொகையை டெபாசிட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் நீங்களே அந்த ஆட்களிடம் "போன வாரம் எவ்வளவு வந்தது?" என்று கேட்டுவிடுங்கள். இதைவிட நல்ல தணிக்கை வேறில்லை, செலவும் இல்லை.

பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது ஏஜென்சிகள் கொண்டுவருவது பெரும்பாலும் அவர்களைத்தான். நன்றாக உழைக்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான படங்கள் பரவியபோது, பலர் அச்சத்தில் ரயிலேறிப் போனது நினைவிருக்கும். அரசும் போலீசும் மறுத்துச் சொல்லியும் அச்சம் அடங்கச் சில நாள் ஆயிற்று. ஊரிலிருந்து போன் வந்தபோது, யாரிடம் வேலை செய்கிறோம், முதலாளி பெயர் என்ன என்று சொல்லத் தெரியாதவர்கள்தான் முதலில் பயந்தவர்கள். கடை உரிமையாளரின் பெயரும் போன் நம்பரும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டு நம்பர் நம் நோட்டில் இருக்க வேண்டும். குடோனிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். பூச்சி மருந்து போட்ட குடோனில் ஆள் படுப்பது உயிருக்கே ஆபத்து.

வரும் முந்திரிப் பருவம் தொடங்குவதற்குள் இரண்டு காரியங்களை முடித்துவிடலாம். ஒன்று, தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ். பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளில் கிடைக்கிறது. சொந்த ஆளோடு ஒப்பந்த ஆளையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். இரண்டு, நல வாரியப் பதிவு. வயது 18 முதல் 60 வரை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ, இவற்றோடு இந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதற்கான சான்று வேண்டும். அந்தச் சான்றுக்குத்தான் பலர் அலைகிறார்கள். நம் குடோனில் இத்தனை வருடமாக மூட்டை சுமப்பவருக்கு அதை எழுதிக் கையெழுத்துப் போட நமக்கு ஐந்து நிமிடம் ஆகும். கடை சீலையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.